கூப்பிடு தூரத்தில் ஒரு மகள்

முகாம் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. பிள்ளைகள் யாரும் அதைக் கேட்டதில்லை. நாள் முழுக்க "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஹலோக்கா. சம்பளம் போடுகிற கணக்கர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

முகாமை நடத்தும் இளைஞர் மன்றத்துக்கு அவள் வந்ததே ஒரு கோடைக்கு மட்டும் என்றுதான். ஏரிக்கரை முகாமில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்றார்கள், வந்தாள். ஒருநாள் அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது மணி விடாமல் அடித்தது. பொறுக்கமாட்டாமல் ஈரக் கையோடு போய் எடுத்தாள். மகனை முதல்முறையாக முகாமுக்கு அனுப்பிவிட்டு, மறுமுனையில் ஒரு தாய் விம்மிக்கொண்டிருந்தாள். பாத்திரம் தேய்க்க வந்தவள் பேசிய பேச்சில் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வாசலில் நின்று கேட்ட முகாம் இயக்குநர் மறுநாளே அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். கோடை முடிந்ததும் நகரத்து அலுவலகத்திலும் ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த மன்றத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. இயக்குநரே நீச்சல் குளம் கழுவ வந்தவர்தான். இப்போது கழுத்தில் விசிலோடு திரிகிறார், ஆகவே விசில் சார்.

பிள்ளைகள் ஓரிரு நாள் அழுதுவிட்டு வீட்டை மறந்துவிடுவார்கள். மறக்காதவர்கள் பெற்றோர்தான். ஒருத்தர் மகனுக்குச் சுவரோரம் படுத்தால்தான் தூக்கம் வரும் என்பார். இன்னொருத்தர் மகள் ரொட்டியின் ஓரத்தைத் தின்னமாட்டாள், யாராவது பிய்த்துக் கொடுங்கள் என்பார். ஹலோக்கா எல்லாவற்றுக்கும் உம் கொட்டுவாள். "அந்த ஓரத்தைத்தாங்க இப்ப முதல்ல தின்னுட்டு இருக்கா," என்று சொல்லும்போது அவளுக்கே ஒரு குஷி வந்துவிடும். வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இந்த வருஷம் அவள் மகளும் முகாமுக்கு வேலைக்கு வந்தாள். பள்ளிப் படிப்பு முடித்த பெண். கோடையில் நன்றாகச் செய்கிறவர்களை மன்றம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, பிறகு நிரந்தர வேலையும் கொடுக்கும். அந்த வேலையைத்தான் பார்ப்பேன் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றாள். அதற்கு ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"நான் உன் பொண்ணுன்னு யாருக்கும் தெரியக் கூடாது. உன்னால வேலை கிடைச்சுதுன்னு நாளைக்கு ஒருத்தர் வாயில வரக் கூடாது. நான் உன்னை மேடம்னுதான் கூப்பிடுவேன். நீயும் வாங்க போங்கன்னுதான் பேசணும்."

"உன்னை? வாங்கன்னு?"

"ஆமா. சிரிக்காம."

விஷயம் தெரிந்தவர் விசில் சார் ஒருவர்தான். முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லீடர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால் மறைப்பது சுலபமாக இருந்தது. மகள் வைத்துக்கொண்ட பெயர் புயல். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரை எடுத்துவைக்கவே ஒரு பொழுது ஆகும் அவளுக்கு. புயலாம்!

ஹலோக்கா சொன்ன சொல் தவறவில்லை. அலுவலகத்துக்குச் சாவி வாங்க வந்தால் "வாங்க புயல், கையெழுத்துப் போடுங்க" என்பாள். சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே வந்தால் லேசாகத் தலையசைப்பாள், அவ்வளவுதான். லேத் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவர் தினமும் மதியம் போன் செய்தார்.

"நம்ம பொண்ணு எப்படிடி இருக்கா?"

பக்கத்தில் கணக்கர் உட்கார்ந்திருந்தார். "எல்லாப் பிள்ளைகளும் நல்லா இருக்காங்க சார்."

"சாரா? எந்தச் சாரு? நான்தாண்டி பேசுறேன்!"

"புரியுதுங்க சார். கவலைப்படாதீங்க."

முதல் வாரம் லீடர்களுக்குச் சோதனை வாரம். சரிப்பட்டு வராதவர்களை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வாரத்தின் நடுவில், மகன் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒரு தகப்பனார் முகாமுக்கு வந்துபோனார். தன் கண்ணாடிக் கடைக்குத் திரும்பியதும் ஹலோக்காவைப் போனில் பிடித்துக்கொண்டார்.

"புயல்னு ஒரு லீடர் இருக்காமே, அது அழுதுச்சாம்! என் பையன் சொல்றான். கூடாரத்துக்குப் பின்னாடி உக்காந்து அழுதுச்சாம், இவன் போய் கண்ணாடி துடைக்கிற துணியைக் குடுத்தானாம். பிள்ளைகளைப் பாத்துக்கத்தானே அனுப்பினோம்? உங்க லீடரைப் பிள்ளைகளா பாத்துக்கறது?"

யாராவது திட்டியிருப்பார்களோ? காய்ச்சலோ? ஒரு தாய்க்கு வருகிற பயமெல்லாம் ஹலோக்காவுக்கு வரிசையாக வந்தது. ஆனாலும் குரல் மட்டும் பழக்கத்தில், "கண்டிப்பா விசாரிச்சுச் சொல்றோங்க," என்றது.

புகார் வந்தால் உடனே விசில் சாரிடம் சொல்லவேண்டும். அதுதான் அவள் வேலை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மகளுக்கு ஒரு இடம் போட்டாயிற்று. சொல்லாமல் மென்று விழுங்கினால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தத் தகப்பனாரை அவளே சமாதானப்படுத்திவிடுவாள். ஆனால் அப்படிக் கிடைக்கிற வேலையைத்தானே வேண்டாம் என்றாள் பெண்! மனதுக்குள் அந்தத் தகப்பனாரையும் அவர் கண்ணாடிக் கடையையும் நன்றாகத் திட்டிவிட்டு, எழுந்துபோய்ச் சொல்லிவிட்டாள்.

விசில் சார் புயலைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறைக்கும் தொலைபேசி மேசைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். கணக்கர் நல்லவேளையாகச் சாப்பிடப் போயிருந்தார்.

"பிள்ளைங்க ரொம்பப் படுத்தறாங்களா?" என்றார் விசில் சார்.

"இல்ல சார். அவங்க நல்ல பசங்க."

"அப்புறம் ஏன் அழுதீங்க?"

மகளின் குரல் மூக்கடைத்துக்கொண்டு வந்தது.

"வீட்டு ஞாபகம் சார்."

"வீட்டு ஞாபகமா? அம்மாதான் இங்கேயே இருக்காங்களே."

"மேடம்தான் சார் இருக்காங்க. அம்மா இல்ல. பாத்தா 'வாங்க'ங்கிறாங்க. சாப்பிட்டியான்னு கண்ணுலகூட கேக்க மாட்டேங்கிறாங்க. நான்தான் அப்படி இருக்கச் சொன்னேன். ஆனா இவ்வளவு நல்லா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

தடுப்புக்கு இந்தப் பக்கம் ஹலோக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை பெற்றோரின் பிள்ளை ஞாபகத்தை ஆற்றியிருப்பாள்! சொந்தப் பிள்ளையின் வீட்டு ஞாபகமே அவள்தான் என்பது இந்த மரமண்டைக்கு ஏறவில்லையே.

"உங்க பசங்ககிட்ட விசாரிச்சேன்," என்றார் விசில் சார். "நீங்க அழுததிலிருந்து அந்தக் கூடாரத்துல வேற யாரும் அழறதில்லையாம். லீடரை நாமதான் பாத்துக்கணும்னு பேசிக்கிட்டாங்களாம். அதனால நான் உங்களை அனுப்பறதா இல்ல. ஆனா வீட்டு ஞாபகம் வந்தா, லீடரா இருந்தாலும் பிள்ளைங்களுக்குள்ள விதிதான். வீட்டுக்கு ஒரு போன். பேசிட்டு, போறேன்னா போகலாம், இருக்கேன்னா இருக்கலாம். படகுக் கொட்டகையில ஒரு போன் இருக்கு, அதுல பேசுங்க. அதிலிருந்து அலுவலகத்துக்குத்தான் போகும்."

மகள் வெளியே போனாள். மேசையைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னல் வழியே, ஏரியை நோக்கி அவள் நடப்பதும் அப்புறம் ஓடுவதும் தெரிந்தது. மணி அடித்தது.

"ஹலோ, முகாம் அலுவலகம்."

"அம்மா."

ஊரில் உள்ள பெற்றோருக்கெல்லாம் பதில் வைத்திருந்தவளுக்கு அப்போது அகப்பட்டது தப்பான சொல்தான். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமாடி செல்லம்?" என்றாள். இந்த ஒரு கேள்வியை மட்டும் பிள்ளையிடம் கேட்டுவிடாதீர்கள் என்றுதான் எல்லாப் பெற்றோரையும் அவள் அதட்டிக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் மூச்சு இழுபடுவது கேட்டது. பிறகு மகள் சிரித்தாள்.

"என்னம்மா, நீயே இப்படிக் கேக்கற?"

"தெரியலடி. வாயில வந்துடுச்சு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்." பின்னால் பிள்ளைகளின் கூச்சல் எழுந்தது. "நான் வரலைம்மா. கண்ணாடிப் பையன் இன்னைக்குத்தான் தண்ணியில இறங்கறேன்னு சொல்லியிருக்கான். நான் பக்கத்துல நின்னாத்தான் இறங்குவானாம். வைக்கட்டுமா?"

"வை, வை. போ."

"அம்மா, ஒண்ணு. நாளைக்கும் என்னைப் பாத்தா வாங்கன்னே சொல்லு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"சரிடி."

"ஆனா கொஞ்சம் மோசமா நடி."

இணைப்பு அறுந்தது. ஹலோக்கா போனை வைத்த கையோடு அடுத்த மணி அடித்தது. சாப்பிட்டுவிட்டு வந்த கணக்கர், "என்னம்மா, எடுக்கலையா?" என்றார். எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவளுக்கு முதலில் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.