என் இடத்தில் எண்பது கிலோ அரிசி

ஒருநாள் மாடிப்படி ஏறி மேலே போய்ப் பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. மூன்றாம் படியில் அது தனியாகக் கிடந்தது. எப்போது கழன்றது என்று காலுக்குத் தெரியவில்லை. கால் சொல்லாததால் எனக்கும் தெரியவில்லை.

முதுகில் ஒரு நரம்பு நசிந்திருக்கிறது என்றார்கள். நடக்கலாம், வேலைக்குப் போகலாம், கார் கூட ஓடலாம், ஆனால் கிளச் மிதிக்கிற கார் கூடாது. டாக்டர் அதை மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னார். வெளியே வந்து, கிழக்கு லண்டனில் என் வீடு இருக்கிற இல்ஃபோர்ட் ஸ்டேஷன் வரை நடந்தேன். என் கார் எனக்கு நாலு வயது இளையது. அதன் கிளச்சை மிதிக்க, நல்ல காலுக்கே மனம் வேண்டும்.

விற்றுவிடுங்கோ என்று மகள் லீட்ஸிலிருந்து சொன்னாள். ட்ரெயினில வாங்கோ, நான் ஸ்டேஷனுக்கு வாறன், என்ன பிரச்சினை? பிரச்சினை ஒன்றும் இல்லைத்தான்.

அந்தக் காரைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய சாலையில் அறுபது மைலைத் தொட்டால் அது அலறும். அதற்கு நாலு கியர். நாலாவதிலும் இயந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டே ஓடும். முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். ஆறு வருடங்களுக்கு முன், ஒரு கோடை விடுமுறை முடிந்து திரும்பும் வழியில், அவளுடைய அம்மாவும் நானும் பிரியப்போகிறோம் என்பதை அந்தக் காரில்தான் மகளுக்குச் சொன்னேன். "என்ன?" என்றாள் பின் இருக்கையிலிருந்து. இன்னொரு முறை சொன்னேன். "கேக்கேல்லை அப்பா." மூன்றாம் முறை கத்தினேன். மெல்லச் சொல்ல வேண்டிய ஒன்றை, சந்தையில் மீன் விற்பவனைப்போலக் கத்திச் சொன்னேன். பிறகு லண்டன் வரும்வரை அந்த இயந்திரம் மட்டும் பேசியது.

அதனால்தான் விற்கவில்லை. கால் கிளச்சை மிதிக்காது என்றால் கிளச்சை எடுத்துவிடுவது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றைப் பொருத்துவது. அதிலும் ஓவர்டிரைவ் உள்ள ஒன்றை: வேகம் கூடியதும் தானாக உயர்ந்த கியருக்கு மாறி, சக்கரம் ஓடிக்கொண்டிருக்க இயந்திரத்தை மட்டும் ஆறவைக்கும். ஒரு வாக்கியத்தை மெல்லச் சொல்லக்கூடிய கார் எனக்கு வேண்டியிருந்தது. வாக்கியமும் தயாராக இருந்தது: எனக்குத் தனிய இருக்க ஏலாமல் இருக்கு. அவ்வளவுதான். தொலைபேசியில் அது வாய்க்கு வருவதில்லை. முகத்தைப் பார்த்தும் வருவதில்லை. இரண்டு பேரும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வரும் என்று நினைத்தேன்.

அப்டன் பார்க் பக்கம் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருக்கிற ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கை கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றைக் கார்க் கொட்டகைதான் எங்கள் தொழிற்சாலை. பழைய கியர்பாக்ஸை இறக்கினோம். கிளச் பெடலைக் கழற்றினோம். அது இருந்த இடத்தில் கம்பளம் மட்டும் வெளிறாமல், புதிதாக இருந்தது. புதிய கியர்பாக்ஸுக்குப் பெரிய உடம்பு. காரின் நடுவில் தரை வளைந்து மேலெழும் பகுதியை வெட்டி, அகலமாக்கி, மறுபடி வெல்டிங்கில் ஒட்டினோம்.

"அண்ணை, இதைவிட ஒரு குதிரையைக் கட்டியிருக்கலாம். அது தானாக் கியர் மாத்தும்," என்றார் காருக்குக் கீழே கிடந்தபடி.

"குதிரைக்கு கவுன்சில் பார்க்கிங் தராது."

"காருக்கு மட்டும் தந்தவங்களோ?"

சிரித்தோம். அந்தக் கொட்டகையில் வாரத்துக்கு ஒருநாள் சிரிப்புக் கேட்டது. மற்ற ஆறு நாளும் நான் மாலை வேலை விட்டு வந்து, விளக்கைப் போட்டு, காரைச் சுற்றி நடந்து, ஒரு திருகாணியை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கிவிட்டுப் போவேன். ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் போவேன். வீட்டுக்குள் நாற்காலிகள் நான் வைத்த இடத்திலேயே இருக்கும். அது எனக்குப் பொறுக்காது.

இனி ஒன்றுதான் மிச்சம். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீண்ட இரும்புக் குழாய், ஷாஃப்ட். புதிய கியர்பாக்ஸ் நீளம் கூடியது. ஆகவே ஷாஃப்டைக் குறைக்க வேண்டும். அளவெடுத்துக் கொடுத்தால் ஒரு பட்டறையில் வெட்டித் தருவார்கள். அளவெடுக்கிற வேலையைக் கராஜ்காரர் என்னிடம் விட்டிருந்தார். ஒரு சனிக்கிழமை, காரை நாலு முக்காலிகளில் உயர்த்தி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் ஒரே அளவு. பெருமையோடு கொடுத்தேன்.

வெட்டி வந்த ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காரைத் தரைக்கு இறக்கினோம். கடைசி இரண்டு அங்குலத்தில் அடியிலிருந்து ஒரு சத்தம். டொக். இரும்பு இரும்பை முட்டுகிற சத்தம்.

அவர் எழும்பிக் கையைத் துடைத்தார். "எப்பிடி அளந்தனீங்கள்?"

"வடிவாத்தான். மூண்டு தரம்."

"கார் எங்க நிண்டது?"

"மேல."

"தொங்கிக்கொண்டோ?"

நான் முக்காலிகளைப் பார்த்தேன்.

"அண்ணை, தொங்கேக்க பின்னச்சு கீழ இறங்கிப்போம். தூரம் கூடக் காட்டும். சக்கரம் நிலத்தில நிண்டு பாரம் இறங்க வேணும். அதுக்கு மேல, நீங்கள் ஓடேக்க உள்ளுக்கு இருப்பியள்தானே? அப்ப அளக்கேக்கயும் உள்ளுக்கு ஒராள் இருக்க வேணும். நீங்கள் கீழ கிடந்து அளவுங்கோ. ஆரையும் மேல இருத்துங்கோ. பத்து நிமிஷ வேலை."

"நீங்கள் இருங்கோவன்."

"எனக்கு வாற ரெண்டு ஞாயிறும் கலியாண வீடு. ஆரையும் பிடியுங்கோ அண்ணை, லண்டனில ஆக்களுக்கோ பஞ்சம்?"

அன்று மாலை கொட்டகை வாசலில் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்து தொலைபேசியைப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பெயர்கள். பழைய மாணவர்களுக்கு ஒரு குழு, கோயிலுக்கு ஒரு குழு, செத்தவீட்டு அறிவித்தலுக்கு ஒரு குழு. ஒருவருக்கு ஏதாவது நடந்தால் வேன் பிடித்து வந்து நிற்பார்கள், சமைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். ஒன்றும் நடக்காதபோது எப்படிக் கூப்பிடுவது? பத்து நிமிடம் வந்து என் காருக்குள் சும்மா இருந்துவிட்டுப் போங்கள் என்று யாரிடம் கேட்பது? ஒரு பெயரில் விரல் நின்றது. போன வருடம் அவர் வீட்டுப் பிறந்தநாளுக்கு நான் போகவில்லை. விரல் நகர்ந்தது. திரை அணைந்தது.

ஆள் இல்லாவிட்டால் ஆளின் நிறை போதும் என்று நினைத்தபோது, மணல் மூட்டை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு இருபது கிலோ என்றால் அது அரிசிதான். என் நிறை எழுபத்தெட்டு. நாலு மூட்டை.

கடைக்காரத் தங்கச்சி ட்ராலியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். வழமையாக நான் ஒரு பாணும் அரை டசின் முட்டையும் எடுப்பவன்.

"என்ன அண்ணை, வீட்டில விசேஷமோ?"

"ஓம்."

"என்ன விசேஷம்?"

"மகள் வாறா."

"நாலு மூட்டையோ? பிள்ளை படையோட வாறாவோ?"

கடை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பொய்யை டாக்ஸியில் ஏற்ற அங்கே நின்ற ஒருவர் உதவினார்.

நாலு சக்கரங்களுக்கும் கீழே தடித்த மரக்கட்டைகள் வைத்து, பாரம் சக்கரத்தில் நிற்க, சாரதி இருக்கையில் அரிசியை ஏற்றினேன். இரண்டு மூட்டை இருக்கையில், ஒன்று அவற்றின் மேல் சாய்ந்து, ஒன்று கால் வைக்கும் இடத்தில். சரிந்து விழாமல் பெல்ட்டையும் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். என் இடத்தில் யாரோ தோளைத் தொங்கவிட்டு இருந்தார்கள். கீழே போய் முதுகில் படுத்தேன். ஸ்பிரிங் மெல்ல முனகியது. அளவுநாடாவை நீட்டினேன். முதல் அளவுக்கும் இதற்கும் ஒரு பெருவிரல் அகலம் வித்தியாசம். அந்தரத்தில் தொங்கியபோது காட்டாத உண்மையை, பாரம் ஏறியதும் கார் காட்டியது. கொஞ்ச நேரம் கீழேயே கிடந்தேன். மேலே ஒரு நிறை இருப்பது ஆறுதலாக இருந்தது. அது அரிசி என்று தெரிந்தும்.

மறுபடி வெட்டிக் குறைத்து வந்த ஷாஃப்ட் இந்த முறை முட்டவில்லை. கலியாண வீடுகள் முடிந்து வந்த அவர் என்னைக் கார் ஓடவிட்டுப் பக்கத்தில் இருந்தார். முதல் சிவப்பு விளக்கிலேயே என் இடது கால் தூக்கம் கலைந்ததைப்போல எழுந்து, இல்லாத பெடலைத் தேடிக் கம்பளத்தை மிதித்தது.

"அந்தக் காலை மடிச்சு சீட்டுக்குக் கீழ வையுங்கோ அண்ணை. அதுக்கு இனி வேலை இல்லை எண்டு மெல்ல மெல்லத்தான் விளங்கும்." பிறகு பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். "இதென்ன அரிசி?"

சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லவேளை, சோறாக்கி வைச்சு அளக்கேல்லை." இறங்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

கடையில் சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டியிருந்தது. மகளுக்கு ஃபோன் எடுத்தேன். அடுத்த கிழமை லீவு இருக்கு, ட்ரெயினில வரத்தான் யோசிச்சனான் என்றாள். வராதே, நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன் என்றேன்.

ஞாயிறு மத்தியானம் லீட்ஸிலிருந்து புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டி, நாற்பது, ஐம்பது. ஒவ்வொரு கியராக ஏறியது. ஐம்பத்தைந்தில் ஒரு சின்ன அசைவு, யாரோ கையை விட்டதைப்போல. இயந்திரம் தாழ்ந்தது.

"அப்பா, எஞ்சின் ஓஃப் ஆயிட்டுதா?"

"இல்லை. ஓவர்டிரைவ்."

"வாவ். நீங்க மூச்சு விடுறது கேக்குது."

இதுதான் நேரம். வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. பத்து மைல் போனது. இருபது போனது. ஒரு லொறியை முந்தினேன், தேவையில்லாமல். இத்தனை வருடங்களாக இயந்திரத்தின் சத்தத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் பின்னால் திரும்பினாள். பின் இருக்கையில் பெல்ட் போட்டபடி மூன்று மூட்டைகள். நாலாவதைத் திறந்திருந்தேன். இந்தக் காலோடு மாடிக்குத் தூக்க முடியாமல் மற்றவை அங்கேயே இருந்துவிட்டன.

"ஆருக்கு அப்பா இவ்வளவு அரிசி?"

"கார் அளக்க."

"என்ன?"

சொன்னேன். தொங்கவிட்டு அளந்ததை, முட்டியதை, உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டியிருந்ததை. மூட்டைக்கு பெல்ட் போட்ட இடத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஏன், ஆரையும் கூப்பிட்டிருக்கலாமே?"

"சும்மா பத்து நிமிஷம் வந்து இரு எண்டு ஆரைக் கேக்கிறது?"

சாதாரணக் குரலில்தான் சொன்னேன். கத்தவில்லை. அவளுடைய சிரிப்பு எங்கே நின்றது என்று கவனித்தேன். அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்.

"என்னைக் கேட்டிருக்கலாம். நான் வந்து இருந்திருப்பன்," என்றாள்.

"நீ எழுபத்தெட்டுக் கிலோ இல்லையே."

"ஒரு மூட்டையை மடியில வைச்சுக்கொண்டு இருந்திருப்பன்."

அவள் சப்பாத்தைக் கழற்றி, கால்களை மடித்து இருக்கையில் வைத்து, என் ஜக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கேம்பிரிட்ஜைத் தாண்டும்போது நித்திரையாகியிருந்தாள்.

லண்டன் நெருங்கியது. நேரே போனால் இல்ஃபோர்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஆனால் அந்தச் சாலை முடிகிற இடத்தில் சிவப்பு விளக்குகள் தொடங்கும். வேகம் குறையும், ஓவர்டிரைவ் விடும், கியர் ஒவ்வொன்றாக இறங்கும், சத்தம் எழும்பும், அவளும் எழும்புவாள். லண்டனைச் சுற்றிப் போகும் வட்டச் சாலைக்குப் பிரிகிற பலகை வந்தது. ரொம்ஃபோர்ட் பக்கம் இறங்கித் திரும்பி வரலாம், சுற்றுத்தான். ஞாயிறு என்பதால் அந்த வட்டச் சாலை ஆச்சரியமாக, நெரிசல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சிக்னலைப் போட்டு இடது பக்கம் எடுத்தேன். இடது கால் சீட்டுக்குக் கீழே மடங்கி, அசையாமல் இருந்தது.