ரியாஸ் சத்தியம் பண்ணினால் இழுக்காத கார்

ஜின், பேய், கண்ணூறு என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். வாகனம் திருத்துகிறவனுக்கு அதெல்லாம் சரிவராது. வண்டி இழுக்கவில்லை என்றால் கிழிந்த குழாயோ கழன்ற வயரோ ஏதோ ஒன்று கையில் அகப்படும். தில்லையடியில் என் கராஜுக்குத் தாயத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அழுதவர்களுக்கெல்லாம் அழுக்கேறிய ஃபில்டரைக் கழற்றிக் காட்டி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன், சிரிப்பதென்றால் முழுதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ரியாஸ் என் தங்கச்சி பரீனாவின் கணவன். அதற்கு முன்பே மாமாவின் மகன், எனக்கு மச்சான். தொண்ணூறில் யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கம் வெளியேற்றியபோது ஒரே வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கினோம், ஒரே முகாமில் வளர்ந்தோம். யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு எனக்கு ஒரே ஓர் ஆசைதான். ஊரில் ரோட்டோரத்தில் வாப்பா விட்டுப்போன காணியில் கராஜ் போட வேண்டும், பெண்சாதி பிள்ளைகளோடு அங்கேயே போய்விட வேண்டும். இங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அகதி என்ற பெயர் போகவில்லை. வேலையை விட்டு என்னால் அலைய முடியாது என்று, எனக்குப் பதிலாகக் காணி விஷயம் எல்லாம் பார்க்கவும் கையெழுத்துப் போடவும் சொல்லி ரியாஸுக்கு அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்தேன். போய்வரும் ஒவ்வொரு முறையும் அவன் ஒரே கதைதான் சொன்னான். காணி காடாய்க் கிடக்கிறது, கண்ணிவெடி இன்னும் எடுக்கவில்லை, சிவப்புப் பலகை நிற்கிறது, அவசரப்பட்டுப் போய்க் காலைப் பறிகொடுக்காதே என்றான். நானும் நம்பினேன். மச்சானை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அந்த நாட்களில்தான் அவன் டர்போ வைத்த ஜப்பான் கார் ஒன்று வாங்கினான். கருவாட்டு வியாபாரம் கைகொடுத்தது என்றான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாங்கிய நாளிலிருந்து காரில் ஒரு கோளாறு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் யாரோ பிடித்து வைத்த மாதிரி இழுவை செத்துப்போகும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும். விட்டு விட்டு வருகிற கோளாறுதான் மெக்கானிக்கின் பெரிய தலையிடி. கம்பியூட்டரை மாட்டினேன், ஒன்றும் காட்டவில்லை. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புகிற சாமான், காற்று கசிந்தால் இழுவை போகும் என்று குழாய்களில் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் காற்றடித்துப் பார்த்தேன், ஒரு குமிழியும் வரவில்லை. நானே தனியாக ஓட்டிப் பார்த்தால் கார் பறக்கிறது. அவன் ஓட்டினால்தான் இந்தச் சனியன் வருகிறது.

சரி, நீயே ஓட்டு என்று சொல்லி, டர்போ குழாயிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை யன்னல் வழியாக உள்ளே எடுத்து, அமுக்கம் காட்டும் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாலாவியால் திரும்பிக் கற்பிட்டி ரோட்டில் போகிறோம், நல்ல வெயில், இரண்டு பக்கமும் உப்பளம். பேய் வருகிற நேரமுமில்லை, இடமுமில்லை.

எங்கள் ஆட்களுக்கு வல்லாஹி என்று அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணுவது மீன் விலை சொல்லும்போதும் வாயில் வந்துவிடும். ரியாஸ் வாயைத் திறந்தாலே அதுதான். போன கிழமைதான் ஒயில் மாற்றினேன், வல்லாஹி என்றான். மடியில் மீட்டர் முள் படுத்துவிட்டது, கார் இழுக்கவில்லை. சத்தியம் பண்ணும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்குகிற பழக்கம் அவனுக்கு, அந்த அசைவில் காலையும் எடுக்கிறானாக்கும் என்று குனிந்து பார்த்தேன். கால் மிதித்தபடியே இருந்தது. கொஞ்சம் போனதும் முள் தானாகவே எழுந்தது. காலையில் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டேன், வல்லாஹி என்றான். முள் விழவில்லை, கார் பாட்டுக்கு இழுத்தது. அவன் பாண் வாங்கியதை நான் கடையில் கண்டிருந்தேன். அப்படியென்றால் ஒயில் மாற்றிய கதை பொய்யா, கார் நின்றதும் ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நம்புங்கள், நம்பாமல் போங்கள், காரணமே இல்லாமல் என் வாய் காணியைப் பற்றிக் கேட்டது.

"அந்தச் சிவப்புப் பலகை இன்னும் நிக்குதா மச்சான்?"

"ஓம் மச்சான், வல்லாஹி, போன மாசமும் கண்டன்."

முள் பூச்சியத்துக்கு விழுந்தது. அவன் மிதிக்கிறான், எஞ்சின் அலறுகிறது, கார் ஊர்கிறது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனான். ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"காணிய வித்துட்டியா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, விற்று வருடமாகிறது, வாங்கியவன் மதிலும் கட்டிவிட்டான், இந்தக் கார் அந்தக் காசில்தான் வந்தது என்று சொன்னான். பிறகு சொல்லலாம் சொல்லலாம் என்று இருந்தானாம். அடிக்கக்கூட எனக்குக் கை எழவில்லை. வெளியே இருந்து வந்தவன் பறித்தால் ஆத்திரம் வரும், ஒரே கோப்பையில் சாப்பிட்டவன் கூட இருந்தே குழி பறித்தால் நெஞ்சில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

காரைத் திருப்பினான். அழுதுகொண்டே எல்லா உண்மையையும் கொட்டிக்கொண்டு வந்தான், கார் என்றுமில்லாதபடி இழுத்தது. பாலாவிச் சந்திக்குக் கிட்ட வந்தபோது எனக்குக் கேட்க ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

"பரீனாவுக்குத் தெரியுமா?"

"இல்ல மச்சான். வல்லாஹி, அவளுக்கு ஒண்டும் தெரியா."

மீட்டரைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. சந்தியின் நடுவில் கார் செத்து ஊர்ந்தது.

அவன் அந்தக் காரைச் சிலாபத்து ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவரை ஒருமுறை கண்டபோது விசாரித்தேன், ஒரு கோளாறும் இல்லை, தங்கமான கார் என்றார். மீட்டரை வேறு எத்தனையோ வாகனத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன், அதிலும் பிழையில்லை. எப்படி என்று இன்றுவரை என்னிடம் விளக்கம் இல்லை.

பரீனா இப்போதும் என் வீட்டுக்கு வந்துபோகிறாள், அண்ணனென்று என்னை நானா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறாள். நான் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. போன நோன்புப் பெருநாளன்று எல்லோரும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் தனியாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நானா, அந்தக் காணி விஷயம்... வல்லாஹி..."

"எது வேணுமெண்டாலும் சொல்லு," என்றேன். "சத்தியம் மட்டும் பண்ணாத."

அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அவள் கேட்கவேயில்லை.