மாதாவின் மேசைக்குக் கீழே

சாங்கியில் புதிதாகத் திறந்த விமான நிலையம் முதல் பொங்கோல் பன்றிப் பண்ணைகள் வரை, இந்தத் தீவில் அற்புதமேரியைப் போல் ஒரு தாய் பிறந்ததில்லை. இனிப் பிறக்க வேண்டுமென்றால் அரசாங்கம் கடலை இன்னும் கொஞ்சம் தூர்த்து இடம் உண்டாக்கித் தரவேண்டும். அவர் முறைத்தால் பிடோக் வட்டாரத்து லிப்டுகள் பழுதெல்லாம் மறந்து ஓடிவரும். அவர் பாடினால் பெய்கிற மழை வெட்கப்பட்டு நின்றுவிடும்.

மேலே சொன்னதில் பாட்டு விஷயம் மட்டும் உண்மை. அற்புதமேரிக்குப் பாட வராது. ஆனாலும் நாள் முழுக்கப் பாடுவார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கரண்டியால் எதையாவது தட்டுவார், சாவிக்கொத்தைக் குலுக்குவார், ஞானப்பாட்டு ஒன்றை எடுத்து அதன் கழுத்தைத் திருகுவார். அதற்குப் பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அடி வாங்கிய பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் வருகிற ஆளைக் கண்டால்தான் குலை நடுங்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அண்டை வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் அவருக்கு மண்டைக் கோளாறு என்று நினைத்தார்கள். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழகிவிட்டது.

அற்புதமேரிக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. கணவர் மரியஅந்தோணிக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. பாதி நாள் ராத்திரி ஷிப்ட், மீதி நாள் தூக்கம். ஏழாம் மாடி வீடு. பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து, வீட்டில் அடிபட்ட பிள்ளைகளை வளர்க்கச் சொல்லிக் கொண்டுவந்து விடுவார்கள். தாய் தகப்பன் தேறிவிட்டால் திரும்பக் கூட்டிப்போவார்கள். அப்படிக் கூட்டிப்போக யாரும் வராமலே தங்கிவிட்டவன் லாசரஸ். பதினாறு வயது. பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டு பக்கமும் சந்தோஷமாகப் பிரிந்துவிட்டார்கள். இதை எழுதுகிறவனும் அவனேதான். 'நான், நான்' என்று எழுதினால் ஆன்ட்டி மண்டையில் குட்டுவார் என்பதால் மூன்றாம் ஆளாக ஓரமாய் நின்றுகொள்கிறான்.

அந்த வீட்டுக்கு ஆனி வந்தாள். ஏழு வயது. ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் ஒரு கவுன், அவ்வளவுதான் சொத்து. வந்த அன்றைக்கே சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். தகப்பன் குடித்துவிட்டு வீட்டை உடைக்கும்போதெல்லாம் அவள் மேசைக்கு அடியில்தான் இருந்திருக்கிறாள். பெல்ட் அங்கே எட்டாது. மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் அதுதான் சாப்பாடு. இதெல்லாம் அலுவலகத்துக் காகிதம் சொன்னது, அவள் சொல்லவில்லை. அற்புதமேரியும் கேட்கவில்லை. தட்டு எங்கே போகிறதோ அங்கேயே குழம்பை அனுப்பிவைத்தார்.

அலுவலகத்து மிஸ் சரஸ்வதிக்கு இது பிடிக்கவில்லை. கஞ்சி போட்ட புடவை, வெளிநாட்டில் படித்த படிப்பு. நல்லவர்தான்; ஆனால் தலையணை உறைக்குள் சோற்று உருண்டையைப் பார்த்ததும் அந்தப் படிப்பு விழித்துக்கொண்டது.

"மேடம், வந்து இவ்வளவு நாளாச்சு, இன்னும் டேபிள்ல உக்காந்து சாப்பிட மாட்டேங்குறா. சோத்த ஒளிச்சு வைக்கிறா. அடுத்த விசிட்லயும் இப்படியே இருந்தா ஹோமுக்குத்தான் அனுப்பணும். அங்க டிரெயினிங் எடுத்தவங்க இருக்காங்க."

"ஹோம்ல மேசை நிறைய இருக்கா மிஸ்?"

"பெரிய ஹால் முழுக்க இருக்கு."

"அப்ப ஹால் முழுக்க ஒளிஞ்சுக்குவா" என்றார் அற்புதமேரி. வாய் அப்படிச் சொன்னதே தவிர, மிஸ் போனபிறகு கரண்டியைத் தட்டாமலே அடுப்படிக்குள் போனார். அந்த வீட்டில் அது பெரிய சம்பவம்.

இந்த விஷயம் அன்னம்மாவின் காதுக்குப் போனது. அன்னம்மா மாதாகோவில் பங்கின் பிடோக் வட்டாரத் தலைவி. ஊரில் எந்தக் கஷ்டமானாலும் முதல் ஆளாக வந்து நிற்பார்; கஷ்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அநாதைப் பிள்ளைகள் என்றால் அவருக்கு உயிர். பட்டன் இல்லாத சட்டைகளாகப் பொறுக்கி மூட்டை கட்டிக் கொண்டுவருவார். ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு இடுப்பு வலிக்கும்.

அப்போது பங்கின் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஜெபமாலை, பிறகு பலகாரம்.

"மிஸ் வர்ற அன்னைக்கே மாதாவ உங்க வீட்டுக்குக் கூட்டியாறேன் மேரி. மாதாவே சிபாரிசு பண்ணிட்டா அந்த மிஸ் என்ன பண்ண முடியும்?"

"கூட்டம்னா அந்தப் புள்ள பயந்துக்கும் அக்கா."

"மாதாவ வேணாங்குறியா?"

ஒரு கத்தோலிக்கப் பெண்ணால் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்? அற்புதமேரி தேக்கா சந்தைக்குப் போய் மல்லிகைச் சரம் வாங்கி வந்தார். மாதாவை வைக்கச் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தி, வழக்கப்படி தரையைத் தொடுகிற மாதிரி வெள்ளைத் துணி விரித்தார். உளுந்து ஊறப்போட்டார். பரலோகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஒரே நாளில் விருந்து வைக்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

மாதா வந்தார். லிப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும் என்பதால் கடைசி இரண்டு மாடிக்குத் தோள்மேல் ஏறி வந்தார். பின்னால் வட்டாரம் முழுக்க வந்தது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. அற்புதமேரி ஆனியின் அறையை எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு மேலும் இல்லை, அடியிலும் இல்லை. குளியலறையில் இல்லை. வாசல் கதவோ விரியத் திறந்து கிடந்தது. ஏழாம் மாடித் தாழ்வாரத்துக்கு இடுப்பளவு சுவர்தான். ஓடிப்போய்த் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

அதற்குள் அன்னம்மா கண்ணை மூடிக்கொண்டு மன்றாட்டுக்குப் போயிருந்தார். குரலில் அழுகை ததும்பியது.

"குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்த இந்த அபாக்கியவதி ஆனியைப் பாரும் தாயே! இவளுடைய திருட்டுப் புத்தி நீங்க..."

மேசை ஆடியது. மாதாவின் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, மாதா அசையுறாங்க!" என்று அன்னம்மா மண்டியிட்டார். பின்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து மண்டியிட்டார்கள்.

"மாதாவுக்கு உங்க ஜெபம் பிடிக்கல போல லா ஆன்ட்டி" என்றான் லாசரஸ். பலகாரத் தட்டுகளோடு மேசையோரம் உட்கார்ந்திருந்த அவன் முகத்தில் அவ்வளவு பக்தி.

"வாய மூடுடா!" என்று திரும்பிய அன்னம்மாவின் கண்ணில் அடுத்த அதிசயம் பட்டது. "வடைத் தட்டு எங்கடா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

இரண்டு தட்டைக் காணோம். எப்படிப் போயின என்பது இன்றுவரை யாருக்கும் விளங்காத மர்மம். மாதா சாப்பிட்டிருப்பாரோ என்று பின்வரிசையில் ஒருவர் கிசுகிசுத்தார்.

அற்புதமேரிக்கு மட்டும் விளங்கிவிட்டது. தரைவரை தொங்குகிற வெள்ளைத் துணி, நாலு கால், மேலே ஒரு பலகை. ஆனி பிறந்ததிலிருந்து அறிந்த ஒரே பத்திரமான வீடு. போன மூச்சு அவருக்குத் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மிஸ்ஸின் ஞாபகமும் வந்தது. இப்போதே பிள்ளையை வெளியே இழுத்து, முகம் துடைத்து, நாற்காலியில் உட்காரவைத்தால் மிஸ் வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். இழுத்தால், அவள் இனி எந்த மேசையையும் நம்பமாட்டாள்.

அற்புதமேரி ஒரு கரண்டியை எடுத்து மேசைக் காலில் தட்டினார். ஞானப்பாட்டை எடுத்தார். மாதாவே காதைப் பொத்திக்கொள்கிற சுருதி. அப்புறம் புடவையைச் சுருட்டிக்கொண்டு, பெரிய உடம்பை வளைத்து, துணிக்குள்ளே நுழைந்துவிட்டார்.

மிஸ் சரஸ்வதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது வட்டாரம் முழுக்க மண்டியிட்டிருந்தது.

"மேடம் எங்க?"

எல்லாரும் மாதாவைப் பார்த்தார்கள்.

"இங்க இருக்கேன் மிஸ்" என்றது மேசை. "வடை சாப்பிடுறீங்களா?"

அன்னம்மா துணியை வெடுக்கென்று தூக்கினார். உள்ளே ஆனி, வாய் கொள்ளாத வடை. "பாத்தீங்களா மிஸ்? மாதாவுக்கு வெச்சதத் திருடித் தின்னுட்டிருக்கு! இந்த அம்மா அதுக்கு ஒத்தாச!"

"துணிய விடுங்க அக்கா" என்றார் அற்புதமேரி. குரல் உயரவில்லை. அன்னம்மாவின் கை தானாகவே துணியை விட்டது.

"எங்க வீட்ல சாமிக்கு வெச்சதப் புள்ளைங்கதான் முதல்ல தின்னும்" என்று சொல்லிக்கொண்டே மிஸ் குந்தி உட்கார்ந்தார். கஞ்சி போட்ட புடவை முறுக்கென்று சத்தம் போட்டது. துணியின் ஓரத்தைக் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தார்.

ஒரு பருக்கையைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள், தலையணைக்குள் சோறு சேர்த்தவள், வடையைப் பிட்டு அற்புதமேரியின் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் தின்னுங்க. அந்த ஆன்ட்டி வந்தா தரமாட்டாங்க."

அந்த வீட்டில் அவள் முழுசாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அற்புதமேரி மென்றார். கண்ணீர் வந்தது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டார். ஆனி மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, தான் கடித்த மீதியை வெளியே நீட்டினாள். மிஸ் வாங்கித் தின்றார்.

"ஹோம் வேணாம் மேடம்" என்றார் அங்கேயே குந்தியபடி. "இங்கயே இருக்கட்டும். மேசையில சாப்பிடுறாளான்னு ஆபீஸ்ல கேப்பாங்க. சாப்பிடுறான்னு சொல்லிக்கிறேன். மேலயா கீழயான்னு யாரும் கேக்கப் போறதில்ல."

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் பங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது: அன்னம்மா ஜெபித்தார், மாதா அசைந்தார், அதிகாரி மனம் மாறினார். அற்புதமேரியின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவரும் அதைத் திருத்தப் போகவில்லை.

மாதா வந்த அன்று மாலை எல்லாரும் போனபிறகு அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். லாசரஸ் துடைத்துக்கொண்டிருந்தான். மேசைத் துணி இன்னும் விரித்தபடியே இருந்தது. உள்ளே ஆனி தூங்கிவிட்டாள்.

"இதையெல்லாம் எழுதப் போறியாமே?"

"சும்மா லா ஆன்ட்டி. பங்கு மலருக்கு."

"வடை எப்படிக் காணாமப் போச்சுன்னு எழுதப் போற?"

"மர்மம்னு எழுதுவேன்."

"ஏன்டா, நான் உள்ள நுழைஞ்சதுக்கப்புறம் துணிக்கு அடியில ஒரு கால் வந்துச்சு. கறுத்துப்போன, வெட்டாம நீண்ட பெருவிரல் நகம். தேங்காய்ச் சட்னிக் கிண்ணத்த அப்படியே சிந்தாம, மெதுவா உள்ள தள்ளிவிட்டுச்சு." அற்புதமேரி தண்ணீரை நிறுத்திவிட்டு அவன் காலைப் பார்த்தார். லாசரஸ் ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். "மாதா காலுக்கு நகம் வெட்டுறதில்லன்னு இன்னைக்குத்தான்டா எனக்குத் தெரியும்."