நடிப்பு என்று சொன்னவர்

என் மகளின் மூளையில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தபோது, ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் அதை நடிப்பு என்றார். எழுந்ததும் வாந்தி, தலைவலி. நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நாடகம் போடுறா" என்று அவள் எதிரிலேயே சிரித்தார். போனபோதெல்லாம் அதே மாத்திரை, அதே சிரிப்பு.

ஒருநாள் பள்ளியில் மயங்கி விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி. அங்கிருந்த டாக்டரம்மா அதே எம்.ஆர்.ஐ. மெஷினில் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று இன்னொரு பரிசோதனையும் செய்தார்.

"மண்டையத் தொறக்காமலே கட்டிக்குள்ள என்னென்ன ரசாயனம் இருக்குன்னு காட்டும்மா. அத வெச்சு என்ன வகைன்னு ஓரளவு சொல்லலாம்."

திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. உயர்ந்து நின்ற ஒரு முகட்டைக் காட்டினார். "வேகமா வளர்ற வகை மாதிரி தெரியுது. எடுத்துப் பார்த்தாத்தான் உறுதி. ஆனா தள்ளிப்போட வேணாம்."

எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆள் சிரித்த முகம்தான் கண்ணில் நின்றது.

ஆபரேஷனில் எடுத்த துண்டும் அதையேதான் சொன்னது. பிறகு கதிர்வீச்சு. முடி கொட்டியது. வெளியே காத்திருந்த மற்றவர்கள் சாமி கும்பிட்டார்கள். நான் ரெட்டியார்பாளையம் டாக்டரிடம் கேட்கவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை முடிந்ததும், கூட்டமான ஒரு மாலையில் மகளோடு அவருடைய கிளினிக்குக்குப் போனேன். "தொப்பியக் கழட்டட்டுமாம்மா?" என்று அவளே கேட்டாள். கழற்றினாள். தழும்பைப் பார்த்த பெண்கள் தங்கள் பிள்ளைகளை மடியோடு இழுத்துக்கொண்டார்கள்.

"இவ நடிக்கிறான்னு சொன்னவரு உள்ள இருக்காரு!" என்று கத்தினேன்.

வெளியே வந்தார். "உள்ள வாங்கம்மா, பேசிக்கலாம்."

"இவ எதுரதான சொன்னீங்க? இங்கயே பேசுங்க."

"மன்னிச்சிடுங்கம்மா."

"என்கிட்ட இன்னாத்துக்கு? அவகிட்ட சொல்லுங்க."

எல்லோரும் பார்க்க அவள்முன் குனிந்தார். "நீ நடிக்கல பாப்பா. நாந்தான் தப்பா சொல்லிட்டேன்." எனக்கு இனித்தது. "வீட்டுக்குப் போலாம்மா" என்றாள் மகள்.

இப்போது தலைவலி என்று எந்தக் குழந்தை வந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறாராம். "அதான் திருந்திட்டாரே, விட்டுடேன்" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். என்னால் விட முடியவில்லை. மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் வழியை மறித்து நிற்பேன். அவர் தலை தாழ்ந்த பிறகே நகர்வேன்.