விசில் நின்ற நேரம்

என் சித்தி மகளின் வீட்டுக்காரர் தையல்காரர். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து தேறியபின், இருவரும் முதன்முறையாகத் தங்கள் சின்னப் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு அடுத்த குடாவுக்குப் புறப்பட்டார்கள். அவர் பின்னால் சுக்கான் பிடித்தார். இவள் முன்னால் நங்கூரத்தருகே உட்கார்ந்தாள். நடுவில் பாய் மறைத்தது.

"விசில் அடிச்சுக்கிட்டே வாங்க. நின்னா என் உசுரும் நின்னுடும்."

வழியெல்லாம் பழைய பாட்டாக வந்த விசில், குடாவுக்குள் நுழையும்போது சட்டென்று நின்றது. இவள் பதறியடித்துப் பாயை விலக்கிக்கொண்டு வந்தாள். அவர் வாய் நிறைய அவித்த முட்டையோடு விழித்தார்.

"பாவி மனுஷா, சொல்லிட்டுத் தின்னக் கூடாதா?"

"வாய்ல முட்டைய வச்சுக்கிட்டு எப்படிடி சொல்றது?"

அழுகையும் சிரிப்புமாக மிச்ச முட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கித் தின்றாள். காலையிலிருந்து அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.