வளைகாப்புக்கு வராதே என்றார்கள்

எனக்குப் புராஸ்டேட்டில் புற்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மறுவருடம் தெரிந்தது. முதலில் மயக்கம் கொடுத்து, சுரப்பிக்குள் ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியே கதிர்வீச்சு உமிழும் சிறு மணியை அனுப்பி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்கள். அதன்பின் சில வாரங்கள் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சினார்கள். அதற்காகத் திருவொற்றியூரிலிருந்து ரயிலேறிப் போவேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு மெஷினடியில் அசையாமல் படுத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை போன் செய்தாள். அவள் மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் நான் ஒருவன்தான்.

"கோச்சிக்காதண்ணா, நீ வராத. உன் ஒடம்புல கதிரு கீதாம். வயித்துப் புள்ளைக்கு ஆவாதுன்றாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவள் வீடு நெட்டுக்குப்பத்தில், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிக்குப் பக்கத்தில். காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். அந்தக் காற்றைத்தான் பிள்ளைத்தாய்ச்சி இரவும் பகலும் சுவாசிக்கிறாள். அதைப் பற்றி வாய் திறக்காதவர்களுக்கு நான் விஷமாகிவிட்டேன்.

மறுநாள் கதிர் சிகிச்சை டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உங்க உடம்புல கதிர் எதுவும் தங்கலை. குழந்தையை மடியிலயே வெச்சுக்கலாம். யாரும் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். சொல்லவில்லை. ஊசி குத்தத் தெரிந்தவர்களில் ஒருவருக்காவது இதைச் சொல்லத் தோன்றவில்லையே என்று அவர்கள் மேலும் ஆத்திரம் வந்தது.

வளைகாப்பன்று வளையலோடு மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். தங்கை வாசலிலேயே மறித்தாள்.

"இன்னாண்ணா, சொல்லியும் வந்துகினு கீற?"

"உள்ள போனது அன்னிக்கே வெளிய வந்துடுச்சு. டாக்டரே சொல்லிட்டாங்க. உன் பந்தல்மேல படிஞ்சி கீற சாம்பல தொட்டுப் பாரு. அத இன்னா பண்ணப் போற?"

நாற்காலியில் இருந்த தங்கை மகள் கையை நீட்டினாள். "மாமா, நீ வந்து போடு."

போட்டேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன்.

சிகிச்சை முடிந்தது. ரத்தப் பரிசோதனையில் புற்றைக் காட்டும் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது. தங்கை மீன்குழம்போடு வந்து, "ஊரு பேச்ச கேட்டுட்டேண்ணா" என்று அழுதாள். குழம்பை வாங்கி வைத்தேன். பரவாயில்லை என்று மட்டும் இன்றுவரை என் வாயில் வரவில்லை.