இடுப்பளவுச் சுமைதாங்கி

நெய்யாற்றின்கரைத் தாலூகாவில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் அந்தப் பலாமரத்தைத்தான் சொல்வார்கள். எதிரிகள் துரத்தியபோது ராஜா அதன் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினாராம். பள்ளிக்கூடத்திலிருந்து எங்களையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒளிந்ததற்கா இத்தனை மரியாதை என்று கேட்டு டீச்சரிடம் உள்ளங்கையில் அடி வாங்கினேன். எனக்கு அப்போதே வாய் நீளம். அதே ரோட்டில் இன்னும் தெற்கே போனால் என் அக்காவின் கல் நின்றது. அதைக் காட்ட எந்த டீச்சரும் பிள்ளைகளைக் கூட்டி வந்ததில்லை.

எங்கள் வீடு திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால். அப்பாவுக்கு ஒரு மண்டியில் கணக்கு வேலை. அக்காவைப் பாறசாலைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். சுதந்திரம் வந்த மறுவருஷம், நிறைமாதத்தில் வலி கண்டு, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் பிள்ளை வெளியே வராமலே செத்துப்போனாள்.

வயிற்றுப் பிள்ளையோடு செத்தவள் மேலுலகத்திலும் அந்தச் சுமையோடு அலைவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவள் பேரில் வழியோரம் சுமைதாங்கி நாட்டுவார்கள். இரண்டு கல்தூண், மேலே ஒரு குறுக்குக் கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர்கள் கைகொடுக்க ஆள் தேடாமல் அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறலாம். அவர்கள் இறக்க இறக்க அவள் சுமையும் இறங்கும். கோட்டையையும் ராஜாவின் கொட்டாரத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்தக் கற்களை ஒரு தடவை எண்ணியிருக்கலாம். எத்தனை பெண்கள் இப்படிப் போனார்கள் என்றாவது தெரிந்திருக்கும்.

காரியம் முடிந்த அன்று அத்தான் வீட்டுக்குக் கல்லாசாரி வந்தார். அவருக்கு மோர் கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றேன்.

"பெத்தவங்க, ஒடன்பொறந்தவங்க எறக்கினாச் சேராது. வழிப்போக்கன் எறக்கணும், அதுதான் புண்ணியம். கழுத்தளவு ஒயரம் வச்சிருவோம், போரும்லா?" என்றார் ஆசாரி.

அப்பா எழுந்து நின்று, தன் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். "இவ்வளவு போரும்."

"தாழ்ந்து போவும் அண்ணாச்சி. தலையிலருந்து எறக்க ஒக்காது."

"எம் மவளுக்குச் சுமை தலையிலயா இருந்துது?"

ஆசாரி மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீரோடு நிற்கும் தகப்பனிடம் யார்தான் என்ன பேசுவது. அப்பா காட்டிய அளவிலேயே கல் நின்றது.

கல் நட்ட பிறகு வந்த முதல் சந்தை நாளில் அம்மையும் நானும் பார்க்கப் போனோம். ஆண்கள் வாழைக்குலையோடு வந்தார்கள், பெண்கள் ஓலைக்கட்டோடு வந்தார்கள். தூரத்தில் கல்லைக் கண்டு வேகமாக நடந்தவர்கள், கிட்டே வந்ததும் அதன் உயரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே போனார்கள். மரச்சீனிக் கிழங்கு மூட்டையோடு வந்த ஒருவர் மட்டும் குனிந்து இறக்கப் பார்த்தார். கழுத்து மடங்கியது, மூட்டை சரிந்து கிழங்கெல்லாம் ரோட்டில் உருண்டது.

"எந்து கல்லுடே இது? ஆட்டைக் கெட்டவா நட்டு வச்சிருக்கானுவ?" என்று தூணை உதைத்தார்.

அம்மை ஓடிப்போய்க் கிழங்கைப் பொறுக்கிக் கொடுத்தாள். "நானும் பிடிக்கேன் அண்ணாச்சி. ஒரு நிமிசம் இதுல வச்சு எடுங்க," என்று கெஞ்சினாள்.

"விடுங்கம்மா, சந்தை கலைஞ்சிரும்," என்று அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அம்மை ஒரே ஒரு தடவை கேட்டாள். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அந்தக் கல் இருக்கும் திசைக்கே போகவில்லை.

கல்லைப் பிடுங்கி உயர்த்தி நாட்டலாம் என்று அத்தானிடம் கேட்கப் போனோம். அவர் வேறு கல்யாணம் முடித்திருந்தார்.

"இவளும் இப்ப மாசமா இருக்கா அத்தே. நட்ட கல்ல அசைச்சா செத்தவ சும்மா இருப்பாளா?"

பாவி, என் அக்காவைப் பேயாக்கிவிட்டார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் வயிற்றில் கைவைத்து நின்றாள். அம்மையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த பிறகு அந்த ரோட்டில் ஜல்லி கொட்டித் தார் போட்டு மேடாக்கினார்கள். கல் இன்னும் தாழ்ந்தது. பஸ்கள் கூடின, தலைச்சுமைக்காரர்கள் குறைந்தார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். ஒரு நாள் நிஜமாகவே அதில் ஆடு கட்டியிருந்தது.

ஐம்பத்தாறில் நாஞ்சில்நாடு மதராஸோடு போகிறது என்று கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு. எல்லைக்கல் எங்கே நடுவது என்று ஆளுக்கு ஆள் சண்டை. எங்கள் வீட்டில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. ஒரு காலையில் அம்மை கூடை நிறைய அரிசியை அளந்து கொட்டினாள்.

"பெத்தவ எறக்கினாச் சேராதுன்னு ஆசாரி சொன்னாருல்லா?" என்று சிடுசிடுத்தேன்.

"தெரியும்," என்றாள்.

நானும் அவளும் கிளம்பினோம். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே பின்னால் வந்தார். எங்கள் பஸ் பலாமரத்தைத் தாண்டும்போது உள்ளே இருந்தவர்கள் அதை எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மை கூடையைத் தலையில் வைத்து நடந்தாள். கல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து விலகினார்கள். கல் அவள் தொடையளவுதான் இருந்தது. அந்த வெயிலில், கொதிக்கும் தாரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கழுத்து நடுங்க, இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லின்மேல் இறக்கி வைத்தாள். அப்படியே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முட்டி பொத்துப்போயிருக்கும். எனக்கு அழுகை வந்தது.

பிறகு கூடையைத் திரும்பத் தூக்கக் கை வைத்தாள்.

தள்ளியே நின்றிருந்த அப்பா அப்போதுதான் கிட்டே வந்தார். "எடுக்காத. இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றார்.

அம்மை கையை எடுத்துவிட்டாள். திருவனந்தபுரம் பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறவில்லை.